பேனல் மேல் ஏறி நடந்தார்கள், கண்ணாடி உடையவில்லை. கையெழுத்துப் போடலாமா?

கேள்வி கேட்டவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வேதாரண்யம் பக்கம் வீடு. மொட்டை மாடியில் எட்டடி உயரத்துக்கு இரும்புச் சட்டம் போட்டு, 540 வாட் சோலார் பேனல் ஆறு ஏற்றியிருக்கிறார்கள். வண்டியிலிருந்து இறக்கும்போது ஒரு பேனலின் மூலை சிமெண்டுத் தரையில் இடித்திருக்கிறது. மேலே பொருத்தும்போது இரண்டு பையன்கள் பேனல் மேலேயே ஏறி நடந்திருக்கிறார்கள். கேட்டதற்கு, "ஆலங்கட்டி மழையையே தாங்கும் சார், நாங்க நடந்தா என்ன ஆகும்" என்று பதில். கண்ணாடி எங்கும் உடையவில்லை, மின்சாரமும் வருகிறது. வேலை முடிந்ததாகக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடலாமா என்கிறார். வீட்டை ஒட்டித் தென்னை மரம் இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது என்பது இன்னொரு கேள்வி.

ஐயா, கையெழுத்தை ஒரு பத்து நாள் தள்ளி வையுங்கள். அந்த மூலை இடித்த பேனலை மட்டும் இன்றே மாற்றித் தரச் சொல்லுங்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பையன்கள் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் பல வீடுகளில் பேனலைக் கெடுக்கிறது.

பேனல் உறுதியான பொருள்தான், அதில் சந்தேகம் வேண்டாம். சுவிட்சர்லாந்தில் லுகானோ என்ற ஊரில் 1982-இல் ஒரு கட்டடத்தின் மேல் 288 பேனல்களை வைத்து மின்கம்பியோடு இணைத்தார்கள். ஐரோப்பாவில் மின்தொகுப்போடு இணைந்த முதல் சோலார் அமைப்பு அதுதான். 35 ஆண்டுகள் கழித்து ஒவ்வொன்றாக அளந்தபோது, பெரும்பாலானவை தங்கள் ஆரம்பத் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தன. வெயில், மழை, பனி எல்லாம் பார்த்த பிறகு. ஆக, 25 வருஷம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்வது வெறும் விற்பனைப் பேச்சு இல்லை.

நம் ஊரில் நிலைமை வேறு. ஐஐடி பம்பாயில் இருக்கும் ஒளிமின் ஆய்வு மையமும் குருகிராமில் இருக்கும் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனமும் சேர்ந்து 2013 தொடங்கிச் சில முறை நாடு முழுக்கப் போய், வெயிலில் கிடக்கும் பேனல்களை அளந்து பார்த்தன. வெப்பமான பகுதிகளில் தேய்மானம் வேகம் என்பது எதிர்பார்த்ததுதான். ஆனால் பெரிய சோலார் நிலையங்களைவிட வீட்டு மாடி போன்ற சின்ன அமைப்புகளில் தேய்மானம் கூடுதலாக இருந்தது. இரண்டுக்கும் மேலே அடிப்பது ஒரே வெயில். வேறுபாட்டில் ஒரு பெரிய பங்கு, கொண்டுவருவதிலும் தூக்குவதிலும் பொருத்துவதிலும் இருக்கிறது. நானும் பத்துப் பன்னிரண்டு வருஷமாக மாடி ஏறி இறங்கிப் பார்த்ததில் எனக்குத் தெரிந்த உண்மையும் அதுவே. இருபத்தைந்து வருஷ வெயிலுக்குத் தாங்குகிற பேனல், ஏற்றுகிற அந்த ஒரு நாளில்தான் அடிபடுகிறது.

எப்படி என்று புரிய, பேனலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். மேலே 3.2 மில்லிமீட்டர் பதப்படுத்திய கண்ணாடி. அதன் கீழே பசை மாதிரி ஒரு பிளாஸ்டிக் படலம், அதற்குள் சிலிக்கான் செல்கள், மறுபடி ஒரு படலம், கடைசியில் வெள்ளை நிறப் பின்தாள். சுற்றிலும் அலுமினிய பிரேம். இதில் கரண்ட் தருவது அந்தச் செல் மட்டும்தான். அதன் கனம் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர், தலைமுடி இரண்டை ஒட்டி வைத்த அளவு. அப்பளத்தைப் பாருங்கள், அதைவிடப் பல மடங்கு மெல்லியது, அப்பளம் மாதிரியே நொறுங்கக் கூடியது. கண்ணாடியும் பிரேமும் இருப்பதே அந்த அப்பளத்தை வளையாமல் பிடித்துக்கொள்ளத்தான்.

இப்போது அந்த ஆலங்கட்டிக் கதைக்கு வருவோம். ஐஇசி 61215 என்ற உலகத் தரச் சோதனையில், 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள பனிக்கட்டி உருண்டையை மணிக்கு 83 கிலோமீட்டர் வேகத்தில் பேனலின் 11 இடங்களில் அடித்துப் பார்ப்பார்கள். அதில் தேறிய பேனல்தான் உங்கள் மாடிக்கு வந்திருக்கும். ஆனால் அந்த உருண்டையின் எடை ஏழரை கிராம். அது கொடுக்கும் அடி இரண்டு ஜூல். சின்னப் பொருள், சட்டென்று பட்டுச் சிதறிவிடும்.

அதே சோதனையில் பேனல் முழுக்கச் சமமாக 2400 பாஸ்கல் அழுத்தமும் கொடுப்பார்கள். உங்கள் 540 வாட் பேனலின் பரப்பு இரண்டரைச் சதுர மீட்டர் சொச்சம். கணக்குப் போட்டால் 630 கிலோ பாரம் வரும். "அறுநூறு கிலோ தாங்கும், நான் எழுபது கிலோதானே" என்று பையன்கள் நினைப்பது இங்கிருந்துதான். அந்த 630 கிலோ, மணல் மூட்டையைப் பிரித்துப் பரப்பினாற்போல மூலைக்கு மூலை சமமாகப் பரவிய பாரம். மனிதன் நடக்கும்போது எழுபது கிலோவும் ஒரு குதிகாலில் இறங்குகிறது. குதிகால் படும் இடம் உள்ளங்கையில் பாதிகூட இருக்காது. அந்த இடத்தில் அழுத்தம், சோதனையில் கொடுப்பதைப்போல ஏறத்தாழ நூறு மடங்கு. கண்ணாடி அதைக் கொஞ்சம் பரப்பிவிடும், உடையாமல் தாங்கியும் விடும். ஆனால் வளையும். கண்ணாடி வளைந்து நிமிர்ந்துவிடும், அடியில் ஒட்டியிருக்கும் செல் இழுபட்டு விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாது, சத்தமும் கேட்காது.

பேனல் தயாரிக்கிறவர்கள் கொடுக்கும் நிறுவல் கையேட்டை எடுத்துப் பாருங்கள். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பேனல் மேல் நிற்கக் கூடாது, நடக்கக் கூடாது, உட்காரக் கூடாது, கனமான பொருள் வைக்கக் கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கும். மீறினால் உத்தரவாதம் கிடையாது என்றும் எழுதியிருக்கும். அந்த ஒரு பக்கத்தைக் காட்டினாலே போதும், ஒப்பந்தக்காரர் வாதாட முடியாது.

விரிசல் விட்டால் உடனே கரண்ட் நின்றுவிடாது. மோசமான பகுதி அதுதான். செல்லின் மேல் ஓடும் மெல்லிய வெள்ளிக் கோடுகள் விரிசலின் இரு பக்கத்தையும் இன்னும் இணைத்துக்கொண்டே இருக்கும். முதல் மாதம் மீட்டரில் ஒரு குறையும் தெரியாது. பகலில் அறுபது, எழுபது டிகிரி சூடாகி விரியும், இரவில் குளிர்ந்து சுருங்கும், காற்றில் அதிரும். இப்படி ஒன்றிரண்டு மழைக்காலம் போனபின் விரிசல் அகன்று, செல்லின் ஒரு துண்டு தனியாகத் துண்டிக்கப்படும். செல்கள் எல்லாம் வரிசையாகக் கோத்தவை. வாய்க்காலில் ஓர் இடத்தில் மடை குறுகினால் கடைமடை வரைக்கும் தண்ணீர் குறைகிற மாதிரி, ஒரு செல் குறைந்தால் அந்த வரிசையே குறையும். அதோடு நின்றாலும் பரவாயில்லை, பலவீனமான அந்தச் செல் மற்ற செல்கள் தரும் மின்சாரத்தைத் தானே தின்று சூடாகத் தொடங்கும். பேனலுக்குப் பின்னால் இருக்கும் பெட்டியில் மூன்று டையோடுகள் இதற்காகத்தான் இருக்கின்றன, பழுதான பகுதியை விட்டுச் சுற்றிப் போக வழிசெய்யும். அப்போது பேனலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். டையோடும் போனால் பின்தாள் கருகும்.

ஒரு அரிசி ஆலையின் கூரையில் இதை நேரில் பார்த்தேன். பொருத்தியவர்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கச் சோம்பல்பட்டு, பேனல் மேலேயே வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். முதலாளியே போட்டோ எடுத்து வைத்திருந்தார், விளையாட்டாக. இரண்டாம் வருஷம் உற்பத்தி குறைகிறது என்று கூப்பிட்டார். வெப்பக் கேமராவில் பார்த்தபோது குறிப்பிட்ட ஏழெட்டுப் பேனல்களில் மட்டும் நடுவில் சூட்டுப் புள்ளிகள். போட்டோவை எடுத்து வைத்துப் பார்த்தோம், ஆட்கள் உட்கார்ந்திருந்த அதே வரிசை. அவருக்கு எந்த நஷ்டஈடும் கிடைக்கவில்லை. வேலை நன்றாக முடிந்தது என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

உங்கள் பேனலின் பின்பக்கத்தை ஒருமுறை கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். வெள்ளைத் தாள் தெரிந்தால் மேலே சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும். பின்னாலும் கண்ணாடி என்றால், அது இருபுறமும் 2 மில்லிமீட்டர் கண்ணாடி வைத்த வகை. அதில் செல்கள் இரண்டு கண்ணாடிக்கும் சரியாக நடுவில் இருப்பதால், வளையும்போது இழுவிசை மிகக் குறைவு, மிதித்தாலும் செல்லில் விரிசல் விழும் வாய்ப்புக் குறைவு. பதிலுக்கு வேறு பலவீனம் உண்டு. மெல்லிய கண்ணாடி என்பதால் விளிம்பில் அடிபட்டாலோ, பேனலைச் சட்டத்தோடு பிடிக்கும் கிளாம்ப்பை முரட்டுத்தனமாக இறுக்கினாலோ அது சீக்கிரம் உடையும்.

அந்த மூலை இடித்த பேனல் பற்றி. பதப்படுத்திய கண்ணாடி முகத்தில் ஓரளவு பலமான அடியையும் தாங்கும், விளிம்பில் ஒரு சின்னத் தட்டு போதும், உடைந்துவிடும். இன்றைக்கு உடையாமல், ஒரு மாதம் கழித்து ஒரு மதிய வெயிலில் தானாகச் சிதறிய கண்ணாடிகளும் உண்டு. யாரோ கல் எறிந்தார்கள் என்று பக்கத்து வீட்டோடு சண்டை போட்டவர்களையும் எனக்குத் தெரியும். கண்ணாடி தப்பித்தாலும், மூலையில் பிரேமின் இரண்டு துண்டுகள் சேரும் இடம் விரிந்திருக்கலாம். உள்ளே கண்ணாடியைச் சுற்றி சிலிகான் பசை பூசித் தண்ணீர் போகாமல் அடைத்திருப்பார்கள். அது விலகினால் அந்த வழியாக ஈரம் உள்ளே போகும். உங்கள் ஊர் உப்புக் காற்றில் அது சின்ன விஷயம் இல்லை. உள்ளே போன ஈரம் வெள்ளிக் கோடுகளை அரிக்கும், மின்கசிவுக்கும் வழி வைக்கும். மூலையில் நகம் நுழையும் அளவு இடைவெளி இருந்தாலே அந்தப் பேனலை ஏற்காதீர்கள். இல்லாவிட்டாலும் இடித்ததை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள், மாற்றச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. கையாளும்போது ஏற்படும் சேதம் பேனல் கம்பெனியின் உத்தரவாதத்தில் வராது, பொருத்துகிறவர்தான் பொறுப்பு. அதனால்தான் கையெழுத்துக்கு முன்பே முடிக்கச் சொல்கிறேன்.

மற்ற ஐந்தையும் சோதிக்க வேண்டும். பொதுவாக மல்டிமீட்டரை வைத்து, "பாருங்கள், 49 வோல்ட் வருகிறது, பேனல் நன்றாக இருக்கிறது" என்று காட்டுவார்கள். வோல்ட்டை வைத்து விரிசலைக் கண்டுபிடிக்கவே முடியாது. செல் இரண்டாகப் பிளந்திருந்தாலும் வோல்ட் கிட்டத்தட்ட அதேதான் காட்டும். ஆம்பியரை அளந்து ஆறையும் ஒப்பிட்டால் பெரிய பழுது தெரியும், மெல்லிய விரிசல் அதிலும் தப்பிவிடும். சரியான வழி, இரவில் பேனலுக்குள் வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தி எடுக்கும் படம். அப்போது செல்கள் கண்ணுக்குத் தெரியாத ஒளியை உமிழும். அதற்கான கேமராவில் எடுத்தால் எக்ஸ்ரே போல விரிசல்கள் கறுப்புக் கோடாகத் தெரியும். ஆறு பேனலுக்கு அதை வரவழைப்பது செலவுதான். நடந்த தடம் உங்களுக்கு நினைவிருக்கும், அந்த இரண்டு மூன்றுக்கு மட்டுமாவது எடுத்துத் தரும்படி கேளுங்கள். முடியாது என்றால், மேகமில்லாத நாளில் உச்சிப்பொழுதில் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது வெப்பக் கேமராவில் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கேமரா இப்போது பல எலெக்ட்ரீஷியன்களிடமே இருக்கிறது. ஒரு செல் மட்டும் பக்கத்துச் செல்லைவிட இருபது டிகிரி கூடுதலாக இருந்தால் பேனலை மாற்ற வேண்டியதுதான். புதிய விரிசல் வெப்பத்தில் உடனே தெரியாமலும் போகலாம் என்பதால், நடந்த பேனல்களின் வரிசை எண்ணைக் குறித்து, இவற்றின் மேல் ஆட்கள் நடந்தார்கள், இத்தனை வருஷத்துக்குள் பழுது தெரிந்தால் மாற்றித் தருகிறோம் என்று ஒப்பந்தக்காரரிடம் எழுதி வாங்குங்கள். நேர்மையான ஆள் எழுதித் தருவார்.

நீங்களாக ஒயரைக் கழற்றி எதையும் பார்க்க வேண்டாம், இதை அழுத்திச் சொல்கிறேன். வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும் வரை பேனலை அணைக்கவே முடியாது, சுவிட்ச் கிடையாது. உங்கள் ஆறும் தொடராக இணைந்திருந்தால் முந்நூறு வோல்ட் நேர்மின்சாரம், அதாவது டிசி கரண்ட், ஓடிக்கொண்டிருக்கும். வீட்டு ஏசி கரண்ட் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி அறுந்துவிடும். நேர்மின்சாரத்தில் அப்படி அறுகிற நேரம் இல்லை, இணைப்பை ஓட்டத்தில் பிரித்தால் வில் போல நெருப்பு நின்று எரியும். கண்ணாடி உடைந்த பேனலும் அப்படியே, நொறுங்கிக் கிடந்தாலும் அதில் மின்சாரம் இருக்கும். மழையில் தொடவே கூடாது.

பையன்களைக் குறை சொல்லி முடித்துக்கொள்வதும் நியாயமாகாது. எட்டடி உயரச் சட்டத்தில் ஆறாவது பேனலைப் பொருத்தப் போக வழி என்ன இருந்தது? சாரம் கட்டிக் கொடுத்திருந்தால் அதில் நின்றிருப்பார்கள். கொடுக்கவில்லை, அதனால் முன்பே வைத்த பேனலைப் பலகையாக்கிக்கொண்டார்கள். இடுப்பில் கயிறும் இருந்திருக்காது. பேனலில் ஈரமோ புழுதியோ இருந்தால் வழுக்கும், விழுந்தால் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் முப்பதடி. பேனல் போனால் மாற்றிக்கொள்ளலாம். மாற்றுப் பேனலைப் பொருத்த வரும்போது சாரமும் கயிறும் இல்லாமல் மேலே ஏற விடாதீர்கள். அதற்கான கூலியை நீங்களே கொடுப்பதாக இருந்தாலும் சரி.

மாற்றுப் பேனல் வரும் அன்று நீங்கள் வீட்டில் இருங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். ஆலையிலிருந்து வரும்போது முப்பது பேனல் வரை ஒரே கட்டாக, மரச்சட்டத்தின் மேல் நிற்கவைத்து, மூலைக்கு மூலை தடுப்பு வைத்து நன்றாகவே வரும். வியாபாரி அந்தக் கட்டைப் பிரித்து ஆறு, பத்து என்று குட்டியானை வண்டியில் போட்டு அனுப்பும் கடைசி முப்பது, நாற்பது கிலோமீட்டர்தான் ஆபத்து. படுக்கவைத்து, மேலே இரும்புக் குழாயையும் போல்ட் மூட்டையையும் ஏற்றி, பள்ளத்தில் தூக்கிப் போட்டு வருகிறது. நீளப் பக்கம் கீழே இருக்க நிற்கவைத்து, நடுநடுவே அட்டை கொடுத்து, ஆடாமல் பெல்ட் போட்டுக் கட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஒரு பேனல் 28 கிலோ இருக்கும், கண்ணாடி இருபுறமும் இருந்தால் முப்பதைத் தாண்டும். ஒரு ஆள் தூக்கக்கூடிய எடைதான் என்பதால்தான் சும்மாடு வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார்கள். செங்கல், நெல் மூட்டை எல்லாம் தலையில் சுமந்து பழகிய ஊர், அது இயல்பாக வருகிறது. ஆனால் இரண்டே கால் மீட்டர் நீளப் பேனலின் முழு எடையும் நடுவில் ஒரு சும்மாட்டின் மேல் நிற்கும்போது, இரு முனையும் ஒவ்வொரு படிக்கும் ஆடும். மேலே நடப்பதற்கு அடுத்தபடி செல்லை உடைப்பது இதுதான் என்பது என் அனுபவம். இரண்டு பேர், இரண்டு பக்கமும் பிரேமைப் பிடித்து, செங்குத்தாக நிறுத்தியபடி கொண்டுபோக வேண்டும். பின்னால் தொங்கும் ஒயரைப் பிடித்துத் தூக்கவே கூடாது. அது பெட்டியோடு பிடுங்கிக்கொண்டு வரும், அல்லது பிடுங்காமல் உள்ளே இணைப்பைத் தளர்த்திவிடும். கயிறு கட்டி இழுப்பதென்றால் பிரேமில் கட்டி, சுவரில் உராயாமல் வெளியே தள்ளிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். மாடியில் முகம் குப்புற வைக்கக் கூடாது, ஜல்லியோ ஆணியோ மேல் பின்தாள் படவும் கூடாது. பின்தாளில் கத்தி பட்டாற்போல ஒரு கீறல் விழுந்தால் கண்ணாடி உடைந்ததற்குச் சமம். டேப் ஒட்டி மறைத்தால் ஏற்காதீர்கள்.

பொருத்துவதில் இரண்டு விஷயம் உங்கள் ஊருக்கு மிக முக்கியம், காற்றும் உப்பும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் உங்கள் பக்கம்தான் கரை ஏறியது, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கு 150 கிலோமீட்டர் காற்று சுமார் ஆயிரம் பாஸ்கல் அழுத்தம் தரும். விளிம்புகளில் சுழித்து இன்னும் கூடும். 2400-க்குச் சோதித்த பேனல் என்றால், பாதுகாப்பு அளவு கழித்து 1600 வரை நம்பலாம். பேனல் தாங்கிவிடும், அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பும் போல்ட்டும் தாங்குமா என்பதே கேள்வி. எட்டடி உயரச் சட்டத்தில் காற்று அடியில் புகுந்து குடையைத் தூக்குவது போல் தூக்கும். ஆகவே கிளாம்ப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நீளப் பக்கத்தில், முனையிலிருந்து ஏறக்குறைய கால் பங்கு தூரத்தில், பேனலுக்கு நான்கு இடத்தில் பிடித்திருக்க வேண்டும். சரியான தூரம் கையேட்டில் படமாகவே இருக்கும். சட்டத்தின் குறுக்குக் கம்பி அந்த இடத்துக்கு வரவில்லை என்று முனையிலேயே பிடித்திருப்பார்கள், அப்படியானால் பேனல் நடுவில் தொட்டில் போல ஆடும். இறுக்குவதும் கைக்கணக்கில் கூடாது. எத்தனை நியூட்டன் மீட்டர் என்று கையேட்டில் இருக்கும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் கொண்டுவரச் சொல்லுங்கள். பிரேமில் புதிதாக ஓட்டை போட்டிருந்தால் உத்தரவாதம் போய்விட்டது என்று பொருள்.

உப்பு விஷயத்தில் பேனலைவிடச் சட்டம்தான் முதலில் போகும். பேனல் ஐஇசி 61701 என்ற உப்புக் காற்றுச் சோதனை தேறியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் தேறியதாகவே இருக்கும். சட்டம் உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்ததாக, 80 மைக்ரான் பூச்சோடு இருக்க வேண்டும். அப்படியே இருந்தாலும், மாடியில் வைத்து அறுத்த முனையிலும் வெல்டிங் வைத்த இடத்திலும் பூச்சு போயிருக்கும். அந்த இடங்களில் துத்தநாகப் பெயிண்ட் இரண்டு கை பூசச் சொல்லுங்கள், வெள்ளிப் பெயிண்ட் இல்லை. போல்ட், நட், வாஷர் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. அப்புறம் ஒன்று: பேனல் ஏற்றிய பிறகு பக்கத்தில் கிரைண்டர் போட விடாதீர்கள். சிதறும் இரும்புப் பொறி சூட்டோடு கண்ணாடியில் பதிந்து துருப்பிடிக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது.

ஒயரில் சுருக்கமாக. பேனல்களை இணைக்கும் எம்சி4 முனையைக் குறடால் நசுக்கியிருந்தால் அது சூடாகி ஒருநாள் எரியும். அதற்கென்று கிரிம்பிங் கருவி உண்டு. இரண்டு முனையும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும், மாட்டிக்கொள்கிறது என்பதற்காக வேறு வேறு போடக் கூடாது. ஒயர் கீழே தொங்கிக் காற்றில் ஆடாமல் கட்டியிருக்க வேண்டும். அணில் கடிக்கும் ஊர் என்றால் குழாய்க்குள் விடுவது நல்லது. ஒவ்வொரு பேனல் பிரேமுக்கும் எர்த் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். அலுமினியத்தின் மேல் இருக்கும் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது, சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதாலேயே எர்த் ஆகிவிடாது.

இப்போது தென்னை மரம். மேலே ஆலங்கட்டி உருண்டையின் அடி இரண்டு ஜூல் என்றேன். மட்டையோடு ஒன்றரைக் கிலோ தேங்காய் பத்து மீட்டர் விழுந்தால் ஏறத்தாழ 150 ஜூல், எழுபது மடங்குக்கு மேல். அதைத் தாங்கும் பேனல் எதுவும் கிடையாது. பேனலுக்கு மேல் வலை கட்டுவது நிழல் விழும் என்பதால் சரிப்படாது. குலையும் காய்ந்த மட்டையும் பேனல் பக்கம் சாயாதபடி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் ஏற்றி இறக்கிவிடுங்கள். வெட்டும்போது எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, கீழே நின்று ஒருவர் கயிற்றால் பிடித்து இறக்க வேண்டும், வெட்டுகிற அன்றைக்குத்தான் அதிகம் விழும். கஜாவில் அந்தப் பகுதியில் லட்சக்கணக்கான தென்னை சாய்ந்ததை நினைத்தால், மரம் ஏற்கெனவே மாடிப் பக்கம் சாய்ந்திருந்தால் அதை எடுத்துவிடுவதா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் போல்ட்டுகளை ஒருமுறை பார்த்து, மாடியில் கிடக்கும் தகரம், தொட்டி மூடி, பூந்தொட்டி எல்லாவற்றையும் இறக்கி, இன்வெர்ட்டரின் டிசி சுவிட்சை அணைத்துவிட்டால் போதும்.

மாற்றுப் பேனல் பொருத்திய நாளிலிருந்து தினமும் மாலையில் இன்வெர்ட்டர் காட்டும் யூனிட்டை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். உங்களுடையது 3.24 கிலோவாட், நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட்டுக்குச் சராசரியாக நாலு யூனிட் என்று வைத்தால், நல்ல வெயில் நாளில் 13 யூனிட்டுக்குக் குறையக் கூடாது. பத்து நாள் கணக்கும், ஆறு பேனலின் வரிசை எண் தெரியும் போட்டோவும், வெப்பக் கேமராப் படமும் கையில் வந்தபின், அந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள்.